பதிவேடும் பார்வையுரிமையும்: மட்டக்களப்புப் பிரதேசத்தை முன்னிறுத்திய ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பு மாவட்டத்தின் வட எல்லையில், வெருகலுக்குத் தெற்கே, கடலுக்கும் காட்டுக்கும் இடைப்பட்டுக் கிடக்கும் ஊர் கதிரவெளி. ஈழத்துப் பெருங்கற்காலச் சின்னங்கள் கண்டறியப்பட்ட இடங்களுள் ஒன்றாகத் தொல்லியலாளர் குறிப்பிடும் ஊர் அது. அவ்வூரவர் ஒருவர் தமது காணி அனுமதிப்பத்திரத்தை இழந்துவிட்டார் எனக் கொள்வோம். கடல் கொண்டு போயிருக்கலாம். இடப்பெயர்வின்போது கைநழுவியும் போயிருக்கலாம். இழந்த பத்திரத்துக்கு இணையான பதிவு ஒன்று ஓர் அலுவலகப் பேரேட்டில் இருக்கும். அதிலுள்ள பெயர், குடும்பம், எல்லை ஆகிய விபரங்கள் அவரோ அவர் தந்தையாரோ வாய்திறந்து கூறியவை. ஆயினும் அப்பேரேட்டைத் திறந்து பார்க்கும் உரிமை நெடுங்காலமாக அவருக்கு இருந்ததில்லை. அதனைப் பேணும் எழுதுவினைஞருக்கு இருந்தது. தகவலைத் தந்தவர் வெளியே நிற்க, பெற்றவர் உள்ளே அமர்ந்திருக்கும் இவ்வமைப்பு எவ்வாறு உருவாயிற்று, எங்கெங்கே தளர்ந்தது என்பதை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இவ்வினா பழைய ஏடுகளைப் பற்றியது மட்டுமன்று. இன்று பெரிய வணிக நிறுவனங்களில் விற்பனை, இருப்பு, கடன், வாடிக்கையாளர் பற்றிய தரவுகள் அனைத்தும் கணினியில் ஒன்றுசேர்க்கப்பட்டு, வரைபுகளாகவும் அட்டவணைகளாகவும் ஒரே திரையிற் காட்டப்படுகின்றன. இதனை டாஷ்போர்ட் என்பர். தரவுப் பலகை எனத் தமிழில் வழங்கலாம். பலகை ஒன்றே, ஆனால் அதனைக் காண்போருக்கு ஒரே காட்சி கிடைப்பதில்லை. மட்டக்களப்புக் கிளையின் விற்பனையாளருக்கு மட்டக்களப்பு வரிகள் மாத்திரம் தெரியும்; கிழக்குப் பிராந்திய முகாமையாளருக்கு மூன்று மாவட்டங்கள் தெரியும்; தலைமையகத்தில் இருப்பவருக்கு நாடு முழுவதும் தெரியும். சம்பள நிரல் சிலருக்கு மட்டுமே விரியும். அந்தப் பலகையிற் பெயராகவும் எண்ணாகவும் இடம்பெறும் வாடிக்கையாளருக்கோ எதுவுமே தெரியாது. இது கணினி யுகம் கண்டுபிடித்த புதுமை என்று கருதுவோர் உளர். கச்சேரி நிருவாகத்தை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு எதுவும் இராது. கிராம அலுவலருக்குத் தம் பிரிவு, பிரதேச செயலாளருக்குப் பல பிரிவுகள், அரசாங்க அதிபருக்கு மாவட்டம் என்ற படிமுறை கணினிக்கு மிக முற்பட்டது.

அதற்கும் முற்பட்ட சான்றுகள் உண்டு. கணக்கர்கள் ஆடித் திங்களில் முத்திரையிட்ட கணக்கேடுகளோடு தலைமைக் கணக்ககத்துக்கு வரவேண்டும் என்றும், தம்முள் உரையாடாதவாறு அவர்களைத் தடுத்து வைக்கவேண்டும் என்றும் அர்த்தசாத்திரம் விதிக்கிறது. சோழர் ஆட்சியில் ஒரு நிலக்கொடை வரிப்பொத்தகத்தில் ஏறவேண்டுமாயின் பல அதிகாரிகள் உடனிருந்து ஒப்பமிட வேண்டியிருந்தது என்பதை ஆனைமங்கலச் செப்பேடு தெளிவாகக் காட்டுகிறது. தனியொருவர் கை பதிவேட்டை மாற்றிவிடாமற் காக்கும் ஏற்பாடு அது. ஆனால் அதே சோழ நாட்டில் உத்திரமேரூர்ச் சபையோர், முதற் பராந்தகன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில், வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்துக்குத் தகுதியற்றவர் என்று கோயிற் சுவரில் வெட்டிவைத்தனர். வரிப்பொத்தகம் அரண்மனைக்குள் இருந்தது. விதியோ வழிப்போக்கரும் காணும் கல்லில் இருந்தது. எதனை மறைப்பது, எதனைச் சுவரில் எழுதுவது என்ற தெரிவு அக்காலத்திலேயே நிகழ்ந்திருக்கிறது.

இனி மட்டக்களப்புக்கு வருவோம். இப்பிரதேச வழக்கில் ‘கல்வெட்டு’ என்னுஞ் சொல் கல்லில் வெட்டியதை மாத்திரம் குறிப்பதன்று. கோயில் வரிசைகளையும் குடிமுறைகளையும் குறித்து வைத்த ஓலையேட்டையும் அது குறிக்கும். தேசத்துக் கோயில்களில் எந்தக் குடிக்கு எந்த நாளின் திருவிழா, எவருக்கு முன்னீடு, வண்ணக்கர் பதவி எவ்வழியிற் செல்லும் என்பன இத்தகைய ஏடுகளை ஆதாரமாகக் காட்டி வாதிக்கப்பட்டன. இங்கு ஏட்டை வைத்திருப்பதே ஓர் அதிகாரம். பிணக்கு எழும்போது ஏடு வெளிவரும்; பிணக்கு ஓய்ந்ததும் பெட்டகத்துள் மறையும். ஏட்டைப் பெயர்த்தெழுதும் ஒவ்வொரு முறையும் ஒரு வரி கூடவோ குறையவோ வாய்ப்பிருந்தது. மறுதரப்பார் அதனை ஒப்புநோக்க வழியில்லாத வரையில் அம்மாற்றம் மாற்றமாகவே தெரியவராது. 1962ஆம் ஆண்டு எப். எக்ஸ். சி. நடராசா அவர்கள் இத்தகைய ஏடுகளை ஒப்புநோக்கி ‘மட்டக்களப்பு மான்மியம்’ என அச்சிட்டபோது, சில குடும்பங்களின் பெட்டகத்துள் இருந்தது எவரும் விலைகொடுத்து வாங்கக்கூடிய நூலாயிற்று. அந்நூலின் வரலாற்று நம்பகத்தன்மை பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவ்விவாதமே அச்சினால்தான் சாத்தியமாயிற்று என்பதை மறத்தல் ஆகாது. மறைந்திருந்த ஏட்டோடு எவரும் வாதிட முடியாது.

போர்த்துக்கேயர் ‘தொம்பு’ என்ற நிலப் பதிவேட்டை அறிமுகஞ் செய்தனர். ஒல்லாந்தர் அதனைத் தலைத்தோம்பு, காணித்தோம்பு என விரிவுபடுத்திக் குடும்பத்தையும் நிலத்தையும் ஒன்றோடொன்று பிணைத்தனர். தோம்புப் பணி பெரும்பாலும் கொழும்பு, காலி, யாழ்ப்பாணப் பகுதிகளைச் சார்ந்தே நடைபெற்றது. மட்டக்களப்பைப் பொறுத்தவரை வேறொரு வகைப் பதிவு நமக்கு முக்கியமானது. ஒல்லாந்த அதிகாரி ஒருவர் பதவி விட்டு நீங்கும்போது, நாட்டின் நிலை, வருவாய், தலைவர்களின் இயல்பு, வேளாண்மை ஆகியன பற்றித் தம்பின் வருபவருக்கு ஒரு நினைவுக்குறிப்பு எழுதி வைப்பது கொம்பனியின் மரபு. 1784 முதல் 1794 வரை மட்டக்களப்பை நிருவகித்த யாக்கோப் பேர்னான்ட், பதவி நீங்குகையில் தமக்குப்பின் வந்த வாம்பேக்குக்கு எழுதிய குறிப்பு பதினெட்டாம் நூற்றாண்டு மட்டக்களப்பைப் பற்றி நமக்குக் கிடைக்கும் அரிய ஆவணங்களுள் ஒன்று. நெல் விளைவைப் பற்றியும் முதலிகள், போடிமார் பற்றியும் அதில் உள்ளவற்றை அவர் எங்கிருந்து அறிந்தார்? இந்நாட்டு மக்களிடம் கேட்டே அறிந்தார். எழுதியதோ ஒருவருக்காக மாத்திரம். இன்றைய தரவுப் பலகையின் மொழியிற் கூறினால், அக்குறிப்பைத் திறக்கும் உரிமை ஆளைச் சார்ந்ததன்று, பதவியைச் சார்ந்தது. பேர்னான்ட் எழுந்து சென்றதும் அந்த நாற்காலியில் அமர்ந்தவருக்கு அது உரித்தாயிற்று.

இவ்விடத்தில் ஒரு காலப்பொருத்தத்தைச் சுட்டாமற் செல்ல மனம் வரவில்லை. கண்டி அரசனோடு செய்த உடன்படிக்கையின் வழி, மட்டக்களப்பு உட்பட இலங்கைக் கரையோரம் முழுவதையும் ஒல்லாந்தர் தம் இறைமைக்குள் கொணர்ந்தது 1766இல். அதே 1766இன் இறுதியில்தான் சுவீடன் தேசம், அரச ஆவணங்களைக் குடிமக்கள் பார்வையிடலாம் என்று உலகின் முதற் சட்டத்தை இயற்றிற்று. அவ்வுரிமை கதிரவெளிக்கு வந்துசேர இருநூற்றைம்பது ஆண்டுகள் சென்றன.

பிரித்தானியர் ஆட்சியிற் பதிவேடுகள் பெருகின. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிகள் பற்றிய சட்டமும், 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டமும் உறுதியற்ற நிலத்தை முடியின் நிலமாகக் கருதின. எனவே எழுத்திலுள்ள சான்று உயிர்நிலையாயிற்று. சேனைப் பயிரும் காட்டுப் பொருளும் நம்பி வாழ்ந்த கதிரவெளி, வாகரை போன்ற பகுதிகளில் எழுத்துச் சான்று வைத்திருந்தோர் எத்துணைச் சிலராக இருந்திருப்பர் என்பதை ஊகிப்பது கடினமன்று. காணிப் பதிவகத்தின் ஏடுகளைக் கட்டணஞ் செலுத்தி எவரும் தேடலாம் என்ற விதி இருந்தது உண்மையே. 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி இன்றும் தேடலாம். ஆயின் அன்று பதிவக ஏடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. பதிவகம் நகரத்தில் இருந்தது. தோணித்துறைகளைக் கடந்து அங்கு சென்று சேர்வதே ஒரு செலவு. கதவு திறந்திருந்தாலும் படி உயரமாக இருந்தால் அது யாருக்குத் திறந்த கதவு? 1956இல் சிங்களம் மட்டும் அரசகரும மொழியாக்கப்பட்டபோது பூட்டு மாறியது; பூட்டப்பட்டிருந்தது மாறவில்லை. தமிழும் அரசகரும மொழி என அரசியலமைப்பில் இடம்பெற்றது 1987இலேயே. பார்வையுரிமையைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் சட்டத்தையும் கடவுச்சொல்லையும் பற்றியே பேசுகின்றனர். மொழியும் ஒரு பூட்டு என்பதைக் கிழக்கிலங்கை அநுபவம் நன்கு உணர்த்துகிறது.

மட்டக்களப்புக் கச்சேரி நீண்ட காலம் ஒல்லாந்தர் கோட்டைக்குள்ளேயே இயங்கிற்று. கொத்தளத்துள் பீரங்கியும் பேரேடும் ஒன்றாக இருந்ததை உருவகமென்று எவரும் கருதவேண்டியதில்லை. அது வெறும் இடவசதியே. எனினும் உள்ளே செல்ல அஞ்சிய கிராமத்தவர் தொகை சிறிதன்று. அரசாங்க அதிபருக்கும் மக்களுக்கும் இடையே விதானைமார் நின்றனர். ஊரவரைப் பற்றிக் கச்சேரிக்குச் சொல்பவரும், கச்சேரியின் முடிவை ஊரவருக்குச் சொல்பவரும் அவர்களே. 1963இல் விதானைமுறை ஒழிந்து கிராம சேவகர் முறை வந்தது. பரம்பரைச் செல்வாக்குக் குன்றிப் பரீட்சைத் தகுதி வந்தமை ஒரு முன்னேற்றமே; வீட்டுப் பட்டியல் மட்டும் அதே மேசையில் இருந்தது.

எல்லாம் மூடியே இருந்தன என்று கூறின் அது வரலாற்றுக்குப் பொருந்தாது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ‘காணிக் கச்சேரி’ என்ற நடைமுறை இருந்தது. அரச காணி பெற விழைவோர் ஓரிடத்திற் கூடுவர். அவரவர் நிலை பலரறிய விசாரிக்கப்படும். தெரிவும் அங்கேயே நிகழும். காணியுள்ளவர் தம்மைக் காணியற்றவர் எனக் கூறினால் அருகில் நிற்பவர் மறுத்துரைக்கலாம். வேறு எந்த மேற்பார்வையும் தரமுடியாத பாதுகாப்பு அது. வாக்காளர் இடாப்பும் அத்தகையதே. 1931இல் சர்வசன வாக்குரிமை வந்தபின், ஒருவர் பெயர் விடுபட்டதா என்று அவரும், இறந்தவர் பெயர் இருக்கிறதா என்று பிறரும் பார்த்துச் சொல்லும்படி இடாப்பு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பதிவேடுகளுள் மிகத் திறந்ததும், திறந்திருப்பதனாலேயே திருத்தம் பெற்றதும் அதுவே.

அந்த இடாப்புத்தான் 1983 யூலையில் கொழும்பில் கலகக்காரர் கைகளில் இருந்தது. எந்த வீதியில் எந்த இலக்கத்தில் தமிழர் குடியிருந்தனர் என்பதை வாக்காளர் பட்டியலைக் கொண்டு இனங்கண்டு சென்றனர் என அக்காலச் செய்திகளும் பிந்திய ஆய்வுகளும் பதிந்துள்ளன. தேர்தலுக்காகச் சொன்ன பெயர் தீ வைப்பதற்குப் பயன்பட்டது. ஐரோப்பாவில் இதற்கு முன்னோடி உண்டு. தோம்பு எழுதிய அதே ஒல்லாந்தரின் தாயகத்தில், ஒழுங்குக்குப் பெயர்பெற்ற குடிசனப் பதிவேடு, 1940இல் நாடு ஜேர்மனியரிடம் வீழ்ந்ததும், யூதர்களைத் தேடிப் பிடிப்பதற்குக் கருவியாயிற்று. 1943 மார்ச்சு மாதத்தில் எதிர்ப்பியக்கத்தினர் ஆம்ஸ்ரடாம் பதிவகத்துக்கே வெடிவைத்தனர். பதிவேட்டை எரிப்பது நாகரிகத்தின் பகைவர் செயல் என்று கற்று வந்த நமக்கு இந்நிகழ்ச்சி ஒரு தடுமாற்றத்தைத் தருகிறது. திறந்தது நன்று, மூடியது தீது என்ற எளிய தீர்ப்பு இங்கே பொய்த்துவிடுகிறது.

குடிசன மதிப்பின் வரலாறு இதன் மறுபக்கம். 1871இல் நாடளாவிய முதல் மதிப்பு நடைபெற்றது. 1900ஆம் ஆண்டின் சட்டம், தனியொருவர் கூறிய விடைகள் வெளியிடப்படலாகாது என விதித்தது. இம்மூடுதல் மக்களுக்காகவே, வரிகாரருக்கும் காவற்படைக்கும் போகாது என்ற உறுதியிருந்தாற்றான் மக்கள் உண்மை கூறுவர். மட்டக்களப்பு மாவட்டத்தில் 1981க்குப் பின் முழுமையான மதிப்பு 2012இலேயே நிகழ்ந்தது. 1991இல் நாடெங்கும் நடைபெறவில்லை. 2001இல் இம்மாவட்டத்தில் ஒரு பகுதியே அடங்கியது. போரே முதற் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தப் பட்டியல் எந்தக் கைக்குப் போகும் என்பதை அறியாத ஒரு தலைமுறை, கேள்வித்தாளோடு வாசலில் நிற்பவரை எவ்வாறு நோக்கியிருக்கும் என்பதும் எண்ணத்தக்கது.

2004 திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2006 ஓகஸ்டில் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்த மக்கள் கதிரவெளியிலும் வாகரையிலும் தஞ்சம் புகுந்தனர். நவம்பர் 8ஆம் நாள் கதிரவெளி விக்னேஸ்வரா வித்தியாலயத்தில் எறிகணைகள் வீழ்ந்து, அங்குத் தங்கியிருந்தோரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2007 தொடக்கத்திற்குள் இப்பகுதி மக்கள் ஏறக்குறைய முற்றாக வெளியேறியிருந்தனர். இரண்டு ஆண்டுகளுள் இருமுறை ஓடிய ஒருவர் கையில் எந்தப் பத்திரம் மிஞ்சும்? நிவாரணப் பட்டியல், இடம்பெயர்ந்தோர் பட்டியல், மீள்குடியேற்றப் பட்டியல், வீட்டுத்திட்டப் பட்டியல் எனப் பட்டியல்கள் மட்டும் பெருகின. பெயர் அதில் இருக்கிறதா என்பதை அறிவதற்கே ஒருவர் மற்றொருவரின் தயவை நாடவேண்டியிருந்தது. அரிசியும் கூரைத்தகடும் அப்பட்டியலின் ஒரு வரியில் தங்கியிருந்த காலம் அது.

இதன் பின்னணியிற்றான் 2011ஆம் ஆண்டின் காணிச் சுற்றறிக்கை வடக்கிலும் கிழக்கிலும் எழுப்பிய கலக்கத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். காணி உரித்து விபரங்களைப் படிவங்களில் நிரப்பித் தருமாறு அது கேட்டது. பத்திரம் இழந்தோருக்கு அது நன்மையாகவும் அமைந்திருக்கக்கூடும். ஆனால் அவ்விபரங்களை ஆராயும் ஏற்பாட்டில் படைத்தரப்பினருக்கும் இடமிருந்தமை எதிர்ப்பின் ஒரு காரணமாயிற்று. வழக்கு உயர்நீதிமன்றம் சென்றது, சுற்றறிக்கை மீளப்பெறப்பட்டது, 2013இல் வேறொன்று அதன் இடத்துக்கு வந்தது. படிவத்திலுள்ள கேள்விகளைக் காட்டிலும் அப்படிவத்தை யார் காண்பர் என்பதே மக்களுக்கு முதன்மையான கேள்வியாக இருந்தது என்பதை இந்நிகழ்ச்சியிற் காண்கிறோம். பார்வையுரிமை என்பது தொழில்நுட்பர் மட்டும் தீர்மானிக்கும் சிறு விடயமன்று என்பதற்கு இதனிலும் வேறு சான்று வேண்டியதில்லை.

கணினி உலகம் இச்சிக்கலை எதிர்கொண்ட முறையைச் சுருக்கமாக நோக்கலாம். 1973இல் பெல், லாப்பதுலா என்னும் இருவர் அமெரிக்க விமானப்படைக்காக வகுத்த நெறி, ஒருவர் தம் படிக்கு மேற்பட்ட ஆவணத்தைப் படிக்கலாகாது என்பது. 1992இல் பெராயோலோ, கூன் ஆகியோர் உரிமையை ஆளுக்கு வழங்காது வகிபாகத்துக்கு வழங்கும் முறையை முன்வைத்தனர். இன்றைய வணிகத் தரவுப் பலகைகள் பெரும்பாலும் இதனையே பின்பற்றுகின்றன. பேர்னான்டின் நாற்காலியை நினைவிற்கொண்ட வாசகருக்கு இவ்விரண்டும் அந்நியமாகத் தோன்றா. படியும் பதவியும் பழையனவே. தேவையான அளவுக்கு மேல் எவருக்கும் உரிமை வழங்கலாகாது என்ற நெறி நல்லது. ஆனால் தேவையைத் தீர்மானிப்பவர் நிறுவனமேயன்றித் தரவுக்குரியவர் அல்லர்.

உண்மையிற் புதியது வேறொன்று. ஓலையேட்டை யார் பிரித்துப் பார்த்தார் என்பதை ஓலை அறியாது. பேரேட்டின் தாளில் விரற்கறை படியலாம், பெயர் படியாது. கணினியோ, எந்தக் கணக்கிலிருந்து, எந்த நாளில், எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம் திறக்கப்பட்டது என்பதைத் தானே குறித்து வைக்க வல்லது. பார்ப்பவனும் பதியப்படும் நிலை வரலாற்றில் இப்போதுதான் எய்தப்பட்டுள்ளது. 1983இன் இடாப்புகள் எந்த அலுவலகத்திலிருந்து, எவர் வழியே வெளியேறின என்பதைச் சொல்ல அவ்விடாப்புகளில் ஒரு குறியும் இல்லை.

இந்தியாவில் இராசத்தானத்து உழைப்பாளர் 1994 முதல் ஊர்ச் சந்திகளில் கூலி நிரல்களை உரக்க வாசிக்கச் செய்து, இறந்தவர் பெயரிலும் கூலி எழுதப்பட்டிருந்ததை அம்பலப்படுத்தினர். 2005இல் அந்நாட்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பிறந்ததற்கு அம்மேடைகளே வித்து. காணிக் கச்சேரியில் அருகில் நின்றவர் செய்த பணியையே அவர்கள் செய்தனர் எனலாம். இலங்கையில் 2015இல் தகவலறியும் உரிமை அரசியலமைப்பில் ஏறியது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 2022இல் தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. தன்னைப் பற்றிய தரவை ஒருவர் பார்வையிடவும் திருத்தக் கோரவும் அது உரிமை வகுக்கிறது. தனியார் நிறுவனங்களும் அதன் எல்லைக்குள் அடங்குவன. ஆயின் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முதன்மையான பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. மூடுவதற்கான விதிகள் விரைவாகவும், திறப்பதற்கான விதிகள் ஆறுதலாகவும் நடைமுறைக்கு வருவது நம் நாட்டு வழமை.

2023இல் தொடங்கிய ‘அஸ்வெசும’ நலன்புரித் திட்டத்தில் இரு நெறிகளும் ஒருங்கே மோதின. குடும்பங்களின் நிலை 22 குறிகாட்டிகளால் அளக்கப்பட்டுக் கணினி வழியே தெரிவு நிகழ்ந்தது. தெரிவுசெய்யப்பட்டோர் பட்டியல் வெளியிடப்பட்டு, மேன்முறையீட்டுக்கும் ஆட்சேபனைக்கும் இடமளிக்கப்பட்டது. விடுபட்டவர் அதனாலேயே தாம் விடுபட்டதை அறிந்தார். சேர்ந்தவரின் வறுமையையோ ஊர் முழுவதும் அறிந்தது. இரண்டனுள் ஒன்றைத் தேர்க என்று என்னைக் கேட்டால், பட்டியல் வெளிவந்ததே மேல் என்பேன். ஆனால் அயலவரின் வறுமையைப் பார்ப்பதற்கு முன்பு, தமக்கு எவ்வாறு புள்ளியிடப்பட்டது என்பதை ஒவ்வொருவரும் பார்க்க முடிந்திருத்தல் வேண்டும்.

தொடக்கத்திற் கூறிய கதிரவெளிக்காரர் இன்று தகவல் அலுவலர் ஒருவருக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதலாம். 14 வேலை நாள்களுள் அவருக்கு முடிவு அறிவிக்கப்படவேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு வழியுண்டு. தம் பெயரிலுள்ள பேரேட்டுப் பக்கத்தின் பிரதியை அவர் கேட்கலாம். அப்பக்கம் கணினிக்கு மாற்றப்பட்டிருப்பின், இதுவரை அதனைத் திறந்து பார்த்தவர்கள் யார் யார் என்ற நிரலையும் அதே விண்ணப்பத்தில் இரண்டாம் இலக்கமிட்டுக் கேட்கலாம்.